நெஞ்சில் எழுதி அணிவதா, மணிக்கட்டில் கட்டுவதா, வாயால் சொல்வதா?

"அக்கா, 'எனக்கு பைபோலார்'னு நெஞ்சுல எழுதின டி-ஷர்ட் ஒண்ணு பார்த்தேன். வாங்கிடட்டுமா?"

எங்கள் ஆதரவுக் குழுவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் போன மாதம் கேட்டது இது. நேரம் இரவு பதினொன்று தாண்டியிருந்தது. "காலையில பேசலாம்டா, இப்ப தூங்கு" என்றேன். தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்கும் பைபோலார்தான், அதாவது மனம் அளவுக்கு மீறி மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகும் இருமுனைக் கோளாறு, பதினான்கு வருடங்களாக. அப்படி ஒரு டி-ஷர்ட் என்னிடமும் உண்டு. பச்சை ரிப்பன், அரைப்புள்ளி (;) பேட்ஜ், மருந்தின் பெயர் பொறித்த கைப்பட்டை என்று மற்றவையும் இருக்கின்றன. எதைப் போட்டால் என்ன நடந்தது, எதைப் போட்டதற்கு வருந்தினேன் என்று மறுநாள் அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆசை ஏன் வருகிறது? மனநோய் முகத்தில் தெரிவதில்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல், சமூகம் ஒருவர் மேல் சுமத்தும் களங்கம் பற்றி எழுதியபோது மனிதர்களை இரண்டாகப் பிரித்தார். சிலருடைய குறை பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிலருடையது மறைக்கக்கூடியது. முதல் வகையினர் எதிரில் இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிக்க வேண்டும். இரண்டாம் வகையினர் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, எவ்வளவு தெரியும் என்ற கணக்கை ஓயாமல் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் இரண்டாம் வகை. மாத்திரைப் பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தவர்களுக்கு, விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதியவர்களுக்கு, அந்தக் கணக்கு எவ்வளவு களைப்பு என்று தெரியும். நெஞ்சில் எழுதிய டி-ஷர்ட் அந்தக் கணக்குப் புத்தகத்தை ஒரே நாளில் மூடிவிடுகிறேன் என்கிறது. மூடவும் செய்கிறது. ஆனால் அதைப் போட்ட நிமிடத்திலிருந்து நாம் முதல் வகைக்குப் போய்விடுகிறோம். பார்ப்பவரின் சங்கடம் இனி நம் வேலை. வேலை குறையவில்லை, மாறியிருக்கிறது. எந்த வேலை நமக்குக் கொஞ்சம் சுலபம் என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது.

இன்னொரு பாகுபாடும் எனக்கு மிகவும் உதவியது. மனநோயை வெளியே சொல்வது பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் பேட்ரிக் காரிகன், அதைப் படிகளாகப் பார்க்கிறார். தெரிந்துவிடுமோ என்று மனிதர்களையே தவிர்ப்பது ஒன்று. பழகினாலும் மறைத்தே வைப்பது அடுத்தது. நம்பிக்கையான சிலரிடம் மட்டும் சொல்வது மூன்றாவது. நான்காவது, மறைப்பதை விட்டுவிடுவது. ஐந்தாவது, நாமாகவே எல்லோருக்கும் அறிவிப்பது. டி-ஷர்ட் ஐந்தாவது படியில் இருக்கிறது. குழுவில் பலரிடம் பேசிப் பார்த்ததில், அதை வாங்க நினைப்பவர்களில் நிறைய பேர் உண்மையில் ஏங்குவது நான்காவது படிக்கு. 'கேட்டால் சொல்வேன்' என்பதற்கும் 'கேட்காமலே சொல்வேன்' என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. மாத்திரையை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டுக்கொண்டு, யாராவது கேட்டால் "பைபோலாருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தால் நான்காவது படி வந்துவிட்டது. அதற்கு எந்தத் துணியும் வேண்டாம்.

சரி, ஐந்தாவதுதான் வேண்டும் என்பவர்களுக்கு முன்னோடி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் குகு த்லாமினி என்ற பெண் தனக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொன்னார். 1998 டிசம்பரில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகு, சிகிச்சைக்காகப் போராடியவர்கள் 'எச்ஐவி பாசிட்டிவ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளை அணிந்து தெருவுக்கு வந்தார்கள். 2002இல் நெல்சன் மண்டேலாவே அதை அணிந்தார். இதில் நான் கவனிப்பது ஒன்று. தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து அதை அணிந்தார்கள். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்பவரால் பிரிக்க முடியவில்லை. நெஞ்சில் இருந்தது ஒரு தனி ஆளின் மருத்துவக் குறிப்பு இல்லை, எல்லோரும் சேர்ந்து எடுத்த நிலை. அதனால்தான் ஊர்வலத்தில் நூறு பேரோடு அந்த மாதிரி டி-ஷர்ட் போடுவதும், செவ்வாய்க்கிழமை காலையில் தனியாகப் பேருந்தில் போட்டுக்கொண்டு நிற்பதும் ஒன்றில்லை என்கிறேன். வாசகம் ஒன்றேதான். ஆனால் ஊர்வலத்தில் நம் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

தனியாகப் போட்ட அனுபவமும் எனக்கு இருக்கிறது. முதல் நாள் தெருமுனை வரை நடப்பதற்குள் உலகமே என் நெஞ்சைப் படிப்பது போல இருந்தது. அப்புறம் ஒரு ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2000ஆம் ஆண்டு தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. மாணவர்களைக் கூச்சம் தரும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை அணியவைத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்களைக் கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் யாருடைய படம் என்று சொல்ல முடிந்தவர்கள் கால்வாசிதான். இது பயத்தைக் குறைக்கும் செய்தி. ஆனால் 'நான் இதைப் போட்டால் நாலு பேர் திருந்துவார்கள்' என்ற நம்பிக்கையையும் அதே அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். முக்கால்வாசிப் பேர் படிக்கவே போவதில்லை.

படித்தவர்களில் ஒருவரை நான் மறக்க மாட்டேன். ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, இது நெஜமா, இல்ல சும்மா ஃபேஷனா?" என்றார். "நெஜம்தாங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பையனுக்கும் இதேதான் சொல்றாங்க. ரெண்டு வருஷமா வீட்டை விட்டு வெளிய வரல" என்று ஆரம்பித்தார். இறங்கும் வரை பேசினார். எந்த மருந்து, தூக்கம் எப்படி, வேலைக்குப் போகிறேனா, குழந்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்து, "உன்ன மாதிரி ரயில்ல உக்காந்து போவானா அவன்?" என்றார். நானும் ஒரு காலத்தில் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்ததைச் சொன்னேன்.

2012இல் காரிகனும் மற்றவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது. பெரியவர்களின் மனத்தில் உள்ள களங்கத்தைக் குறைப்பதில், தகவல் சொல்லிப் பாடம் நடத்துவதைவிட அந்த நோயோடு வாழும் ஒருவரைச் சந்திப்பது அதிகம் பலன் தருகிறது. அதிலும் காணொளியில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். ஆக, டி-ஷர்ட்டில் உள்ள எழுத்து தானாக எதையும் மாற்றுவதில்லை. அது தொடங்கிவைக்கும் பேச்சுதான் மாற்றுகிறது. பேசத் தெம்பில்லாத நாளில் அதைப் போட்டால், பேச்சு இல்லாத முறைப்பு மட்டும்தான் மிஞ்சும். எனவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: முன்பின் தெரியாத ஒருவர் இன்று என்னிடம் வந்து கேட்டால், பொறுமையாகப் பத்து நிமிடம் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வேறு சட்டை. முடியும் என்று நினைத்த நாளிலும் மேலே ஒரு ஜிப் வைத்த ஜாக்கெட்டோடுதான் போகிறேன். நடுவழியில் தெம்பு தீர்ந்தால் இழுத்து மூடிக்கொள்ளலாம்.

இப்போது வருந்தியவற்றைச் சொல்கிறேன். ஒரு நாள் அதே டி-ஷர்ட்டோடு வெளியே இருந்தபோது வயிற்றில் தாங்க முடியாத வலி. அப்படியே ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். மருத்துவரின் கண் என் நெஞ்சில் போய் நின்றதைப் பார்த்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "சமீபத்துல ரொம்ப டென்ஷனா இருந்தீங்களா?" என்று கேட்டார். பதற்றத்தால் வருவது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல். மனநோய் இருப்பவர் உடலில் எது வலித்தாலும் அதையும் மனத்தின் கணக்கிலேயே எழுதிவிடும் இந்தப் பழக்கம் மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த ஒன்று, அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகுதான் அறிந்தேன். மருத்துவமனையில் நோயை மறைக்கச் சொல்லவில்லை. மருந்துகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் வலியைச் சொல்லிவிட்டு அப்புறம் அதைச் சொல்லலாம். டி-ஷர்ட் போட்டிருந்தால் அந்த வரிசை நம் கையில் இல்லை. நாம் வாய் திறப்பதற்கு முன்பே அது பேசிவிடுகிறது.

இன்னொன்று என் மகள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி வாசலில் நின்று, "அம்மா, இன்னைக்கு வேற போட்டுக்கோயேன்" என்று போனில் கேட்டாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாளா என்று நினைத்தேன். ராத்திரி உட்கார்ந்து கேட்டபோது, "உனக்கு இருக்குன்னு நீ சொல்லலாம். எனக்கு இப்படி ஒரு அம்மான்னு நான் எப்ப சொல்லணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் நெஞ்சில் எழுதியிருப்பது என் பக்கத்தில் நடந்து வருபவரையும் பற்றியது. கணவர், குழந்தை, கூடப் பிறந்தவர்கள், யாராக இருந்தாலும் அவர்களோடு வெளியே போகும் நாளில் முன்னமே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. குழுப் புகைப்படத்துக்கும் இதுவே. டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிடலாம். வேறொருவர் கைபேசியில் உள்ள படத்தை நாம் கழற்ற முடியாது.

கேலி வாசகம் எழுதிய ரகத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்பதே என் கருத்து. தன் நோயைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வது வேறு, அதில் ஒரு பலம் உண்டு. ஆனால் துணியில் எழுதியிருப்பதைப் படிப்பவருக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியாது. 2014இல் ஒரு பெரிய ஆடை நிறுவனம், உடை முழுக்க 'டிப்ரஷன்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அச்சிட்ட மேல்சட்டையை விற்று, எதிர்ப்பு வந்ததும் நீக்கியது. அது உண்மையில் சிங்கப்பூரைச் சேர்ந்த சிறிய ஆடை நிறுவனம் ஒன்றின் பெயர். இருந்தும் பார்த்தவர்கள் மனம் புண்பட்டது. 2019 செப்டம்பரில் மிலானில் கூச்சி நிறுவனத்தின் காட்சியில், மனநோயாளிகளைக் கட்டிவைக்கும் இறுக்கச் சட்டையைப் போன்ற உடைகள் மேடையேறின. அதை அணிந்து நடந்த மாடல்களில் ஒருவரான ஆயிஷா டான் ஜோன்ஸ், மனநலம் என்பது ஃபேஷன் இல்லை என்று தன் உள்ளங்கைகளில் எழுதி உயர்த்திக் காட்டியபடி நடந்தார். அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் அழுதேன்.

'பைத்தியம்' என்ற வசையை நாமே எடுத்து அணிந்துகொள்வோம் என்று 1993இல் டொரோன்டோவில் தொடங்கி வளர்ந்த பெருமித இயக்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் நம் மொழியில் 'மென்டல்', 'லூசு' என்ற சொற்களில் அடிபட்ட தழும்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அவற்றை நெஞ்சில் சுமக்க என்னால் முடியாது. முடிந்தவர்கள் சுமக்கட்டும்.

இதே விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பதில் 2013இல் பிரிட்டனில் வந்தது. இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள், மனநோயாளிகளைப் பயங்கரமானவர்களாகக் காட்டும் மாறுவேட உடைகளை விற்றன. அதில் ஒன்று, இரத்தம் தெறித்த உடையும் கத்தியுமாக 'மனநோயாளி' என்ற பெயரிலேயே வந்தது. கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டன. அப்போது மனநோயோடு வாழும் பலர், தாங்கள் அன்று போட்டிருந்த உடையிலேயே படம் எடுத்து, மனநோயாளியின் உடை இதுதான் என்று வெளியிட்டார்கள். சாதாரணச் சட்டை, அலுவலக உடை, வீட்டில் போடும் ஸ்வெட்டர். எந்த வாசகமும் இல்லாத துணிகூட இதைச் சொல்லும் என்று அன்று புரிந்தது.

அடுத்து சின்னங்கள். எழுத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே இவை நிற்கின்றன. பச்சை ரிப்பன் மனநலத்துக்கான பொதுச் சின்னம். 1992இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 உலக மனநல நாளாக இருக்கிறது, அன்று நிறைய பேர் குத்திக்கொள்வார்கள். நோய் உள்ளவர், அவருடைய அண்ணன், அவருக்கு வைத்தியம் பார்ப்பவர், யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பதே அதன் அழகு. நமக்கு அது ஒரு நிழல் மாதிரி. வெளியே நிற்கலாம், ஆனாலும் வெயில் நேராகப் படாது. என்னிடம் அன்று வேறு போட்டுக்கச் சொன்ன அதே மகள், அடுத்த வருடம் அக்டோபரில் அவளாகவே என் பெட்டியிலிருந்து ரிப்பனை எடுத்துச் சீருடையில் குத்திக்கொண்டு போனாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அரைப்புள்ளி இன்னும் அந்தரங்கமானது. 2013இல் அமெரிக்காவில் ஏமி ப்ளூயல் தொடங்கிவைத்தார். எழுதுபவர் முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். வைக்காமல் வாக்கியத்தைத் தொடர்ந்தார் என்பது அதன் பொருள். எழுதுபவர் நாம், வாக்கியம் நம் வாழ்க்கை. தெரிந்தவர் கண்ணுக்கு அது ஒரு வாழ்க்கைக் கதை. தெரியாதவருக்கு வெறும் இலக்கணக் குறி. பையில் குத்தியிருக்கும் அந்தச் சின்ன பேட்ஜைப் பார்த்து, எதுவுமே கேட்காமல் தன் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த அரைப்புள்ளியைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போன ஒரு கடைப் பையன் எனக்கு அந்த வாரம் முழுவதும் துணையாக இருந்தான். துணை தேடுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லியாக வேண்டும். ஏமி ப்ளூயல் 2017இல், தன் 31ஆவது வயதில் தற்கொலையால் இறந்துபோனார். அவர் செய்த வேலை அதனால் சிறுத்துவிடவில்லை. எத்தனையோ பேர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கிறார்கள். ஆனால் மீண்டவர் என்ற அடையாளத்தை அணிந்தவரைப் பார்க்கும்போது, 'இவர் இனி நன்றாக இருப்பார்' என்று சுற்றியுள்ளவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அணிந்தவருக்கும், சரியில்லாத நாளில் அதைச் சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. பேட்ஜ் குத்தியிருந்தாலும் நாள் மோசமாக இருந்தால் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம், நண்பரிடம், உதவி எண்ணில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம். அந்தச் சின்னத்தைச் சுமக்க நீங்கள் எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

உதவி தேவைப்படும் இடங்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. என்ன நோய் என்று அது சொல்லாது. வெளியே தெரியாத ஒரு சிரமம் இவருக்கு இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படலாம் என்று மட்டும் சொல்லும். பதற்றம் வரும் இடத்தில் அதுவே போதும். அதன் பொருள் தெரிந்த ஊழியர்கள் இருக்கும் இடத்தில்தான் பலன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு, அதன் பெயர் பொறித்த கைப்பட்டையை நான் அழுத்திச் சொல்வேன். லித்தியத்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. உடம்பில் நீர் வற்றினாலோ, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சேர்ந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். மயங்கி விழுந்தால் நம்மால் சொல்ல முடியாது. கைப்பட்டை சொல்லும், அதுவும் படிக்க வேண்டியவருக்கு மட்டும். என் கையில் எப்போதும் இருப்பது இது ஒன்றுதான், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

வாயால் சொல்வதற்கு வருகிறேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நேரம் பார்த்து, எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு. எதிரில் இருப்பவர் முகம் மாறினால் பாதியில் நிறுத்தலாம். துணிக்கு அந்த வசதி கிடையாது. இதில் உள்ள கஷ்டம், யாருக்குத் தெரியும் என்ற கணக்கு தொடர்ந்து ஓடுவதுதான். ஆனால் ஏழெட்டுப் பேருக்கு மேல் சொன்ன பிறகு எனக்கு அந்தக் கணக்கு தானாகவே மறந்துபோய்விட்டது. வேலை இடத்தைப் பொறுத்தவரை இந்த வழியைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அந்த இரவு பதினொரு மணிக்கு வருகிறேன். இருமுனைக் கோளாறில் மனம் மேலே ஏறும்போது தூக்கம் குறையும், பணம் கரையும், எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். அப்போது வாங்கும் டி-ஷர்ட்டும் ஒரு அறிகுறியாக இருக்கலாம். என் முதல் டி-ஷர்ட் அப்படித்தான் வந்தது, ஒன்றில்லை, ஆறு. கீழே இறங்கியபோது வெட்கம் தாங்காமல் ஐந்தைக் குப்பையில் போட்டேன். இரண்டு முடிவையும் நோய்தான் எடுத்தது. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். வாங்கத் தோன்றினால் இரண்டு வாரம் பொறுப்பது. அந்த நாட்களில் தூக்கம் ஒழுங்காக இருந்து, பிறகும் அதே ஆசை இருந்தால் அது என்னுடைய ஆசை.

அவளிடமும் இதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த டி-ஷர்ட்ட யார் படிக்கணும்னு நினைக்கிற?" "எல்லாரும்தான் அக்கா" என்றாள் உடனே.

இரண்டு வாரம் கழித்து, மதியம், அவளே கூப்பிட்டாள். தூக்கம் நன்றாக இருக்கிறதாம். டி-ஷர்ட்டை இன்னும் வாங்கவில்லை, அக்டோபர் நடைப்பயணத்துக்கு எங்களோடு சேர்ந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்குக் கேட்டீங்கல்ல, யார் படிக்கணும்னு. யோசிச்சுப் பார்த்தேன். அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல."

"சொல்லணும்னு இருக்கா?"

"இருக்கு. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

அந்த மதியம் முழுவதும் அதைத்தான் பேசினோம்.